அனுப்பு, திருத்து, விடு

"முத்து வச்ச கொலுசு இருக்குங்களா?" என்று ஆத்தூரிலிருந்து ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் கேட்டிருந்தார். கொலுசுக் கடையில் முத்து என்றால் ஓரத்தில் தொங்கிச் சத்தம் போடும் குட்டி வெள்ளி உருண்டை. சேலத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கணினிக்கு மட்டும் தெரியவில்லை. "எங்களிடம் உயர்தர இயற்கை முத்துகள் பதித்த அழகிய கணுக்கால் ஆபரணங்கள் உள்ளன!" என்று ஒரு பதிலை எழுதி, அனுப்பட்டுமா என்று என் ஃபோனில் வந்து நின்றது.

நான் சிரித்துவிட்டு 'திருத்து' பட்டனை அழுத்தினேன். அது முதல் வாரம். எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த காலம்.

பெரியப்பாவின் கடை செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. சின்னக் கடைதான். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுப் பட்டறைகளில் செய்து வரும் கொலுசுகளை வாங்கி, பாலிஷ் போட்டு விற்கிறோம். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள், வெளியூர் மொத்த வியாபாரிகள், அவ்வளவுதான். கொரோனாவுக்குப் பிறகு நான் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து கடைக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும் ஃபேஸ்புக் பக்கமும் ஆரம்பித்தேன். ஒரு வீடியோ கொஞ்சம் ஓடிவிட்டது. அன்றிலிருந்து கேள்விகள்தான். ரேட் எவ்ளோ, எத்தனை டச், கறுக்குமா, கொரியர் உண்டா, ஒத்தக் கொலுசு தருவீங்களா. சாதாரண நாளில் 40, 50. ஆடி, தீபாவளி சமயத்தில் எண்ண மாட்டேன். இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே பதில் போட்டு, பாதி வாக்கியத்தில் தூங்கி, ஃபோன் மூக்கில் விழுந்த அனுபவம் எனக்கு உண்டு.

பெரியப்பா மகன், பொறியியல் மூன்றாம் ஆண்டு, "அக்கா, பதிலை கம்ப்யூட்டர் எழுதட்டும், நீ ஓகே மட்டும் பண்ணு" என்றான். இரண்டு சனி ஞாயிறில் கட்டியும் கொடுத்துவிட்டான். பெரிய வித்தை எதுவும் இல்லை. இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ கேள்வி வந்தால் அது ஒரு மொழி மாதிரிக்கு, அதாவது கேட்டதற்கு எழுத்தில் பதில் எழுதும் ஏ.ஐ. நிரலுக்குப் போகும். கூடவே எங்கள் கடை விவரத் தாள் ஒன்றும் போகும். அது எழுதிய வரைவு எங்கள் டெலிகிராம் குழுவில் வந்து விழும். கேள்வி மேலே, வரைவு கீழே, அதற்கும் கீழே மூன்று பட்டன்: அனுப்பு, திருத்து, விடு. குழுவில் நான், தம்பி, பெரியப்பா மூன்று பேர். நாங்கள் தொடாமல் எதுவும் வெளியே போகாது.

எங்கள் தொழிலில் மெஷின் என்றால் மெஷின் சங்கிலி, மெஷின் கட்டிங் என்று வேறு அர்த்தம் இருக்கிறது. குழப்பம் வேண்டாம் என்று பெரியப்பா இதற்கு 'கணக்குப்புள்ள' என்று பெயர் வைத்துவிட்டார். "கணக்குப்புள்ள என்ன எழுதிருக்கான் பாரு கண்ணு" என்பார். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மொழியைச் சரிசெய்தோம். கணக்குப்பிள்ளையின் தமிழ் ஆரம்பத்தில் அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது. "தங்கள் வினவலுக்கு நன்றி, நாங்கள் உங்களுக்கு எவ்வாறு உதவ முடியும்?" என்று செவ்வாய்ப்பேட்டையில் யார் பேசுகிறார்கள்? இயல்பாக எழுது, நட்பாக எழுது என்று கட்டளையில் எவ்வளவு சொன்னாலும் அது குழைய ஆரம்பித்ததே தவிர இயல்பாகவில்லை. கடைசியில் வேலை செய்தது வேறு. எங்கள் பழைய பதில்களில் பெரியப்பா சொல்லி நான் அடித்தவற்றைத் தேடி எடுத்து, 60 பதில்களைக் கேள்வியோடு சேர்த்து ஒரு தாளில் போட்டோம். "இருக்குங்க. எவ்ளோ வெயிட்ல பாக்கறீங்க?" "அந்த டிசைன் இப்ப இல்லீங்க, பட்டறைல சொல்லணும், பத்து நாள் ஆகும்." இந்த மாதிரி. அதைப் பார்த்து எழுதச் சொன்ன நாளிலிருந்து வரைவுகள் பாதி நீளம் ஆயின. அப்புறம் ஒரு சொல் பட்டியல். முத்து, பூட்டு, திருகு, சலங்கை, டச், கூலி, சேதாரம், ஜோடி. ஒவ்வொன்றுக்கும் எங்கள் கடையில் என்ன பொருள் என்று ஒரு வரி. இந்த இரண்டு தாள்களும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். தங்கிலீஷில் கேட்டால் தங்கிலீஷில் பதில், தமிழில் கேட்டால் தமிழில் என்பதையும் சேர்த்தோம். தமிழில் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் பதில் போனால் கடைக்காரன் நம்மை மதிக்கவில்லை என்று நினைப்பார்கள்.

இரண்டு வாரம் ஓகோ என்று போனது. அங்கேதான் வினை.

ஒரு காலை. ஒரு கையில் தட்டுவடை செட், மறு கையில் ஃபோன். வரைவுகள் நன்றாக வர ஆரம்பித்துவிட்டதால் என் கட்டைவிரல் தானாக 'அனுப்பு' மேல் போய் உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தது. கண் முதல் வரியைப் பார்க்கும், விரல் அழுத்தும். அப்படி அழுத்தியதில் ஒன்று, 180 கிராம் ஜோடிக்கு விலை கேட்டவருக்கு. கணக்குப்பிள்ளை அழகாகக் கணக்குப் போட்டு, கூலி சேர்த்து, மூன்று சதவீத ஜி.எஸ்.டி. தனி என்றுகூட எழுதியிருந்தான். ஒரு பிழை இல்லை. அவன் எடுத்த வெள்ளி ரேட் மட்டும் இரண்டு நாள் பழையது. விவரத் தாளில் ரேட் கட்டத்தை மாற்ற வேண்டியது நான். நான் மாற்றவில்லை. அந்த இரண்டு நாளில் சுத்த வெள்ளி கிராமுக்கு 5 ரூபாய் ஏறியிருந்தது. 80 டச் கொலுசு என்றால் நூற்றில் 80 பங்குதான் வெள்ளி, அதற்கு அது 4 ரூபாய். 180 கிராமுக்கு 720 ரூபாய்.

அந்த அம்மா உடனே பணம் அனுப்பிவிட்டார். பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். ரேட் மாறிவிட்டது என்று திரும்ப எழுதலாமா என்று கேட்டேன். "சொன்ன விலை சொன்னதுதான கண்ணு" என்றார். சிட்டையில் 'ஃபோன்ல சொன்னது – 720' என்று எழுதி மூடிவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அன்று இரவு தம்பியும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். அவன் முதலில் சொன்னது, ரேட்டை இணையத்திலிருந்து தானாக எடுக்க வைக்கலாம் என்று. செய்யலாம்தான். ஆனால் அந்த வருஷம் வெள்ளி ஒரே நாளில் இரண்டு தடவை மாறிய நாட்களும் இருந்தன. எந்த நேரத்து ரேட்டில் கடை விற்பது என்பது பெரியப்பா எடுக்கும் முடிவு, இணையத்தின் முடிவு இல்லை. வேறு வழி பிடித்தோம். நான்கு விஷயங்களை கணக்குப்பிள்ளை எழுதவே கூடாது: விலை, எடை, டச், டெலிவரி தேதி. அந்த இடத்தில் கோடு போட்டு விட வேண்டும். "ஜோடி ____ கிராம் வருங்க, இன்னைக்கு ரேட்டுக்கு ____ ஆகும்" என்று. கோட்டை நாங்கள் நிரப்பினால்தான் 'அனுப்பு' பட்டனே தெரியும். எல்லாவற்றையும் அவனே செய்துவிட்டால் அப்புறம் நாங்கள் எதைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது? ஒரு பதிலுக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகிறது. அந்த அரை நிமிடத்தில்தான் நான் கேள்வியையே முதல் தடவை ஒழுங்காகப் படிக்கிறேன்.

மோசமான வரைவு எங்களை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. முத்தை இயற்கை முத்து என்று எழுதினால் யார் கண்ணிலும் படும். ஏமாற்றியது எல்லாமே ஒழுங்காக எழுதப்பட்டவை.

டச் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் நாங்கள் மயிரிழையில் தப்பித்தோம். வெளியூர்க்காரர்களுக்காக: டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்ற அளவு. சுத்த வெள்ளி கொலுசுக்கு மிருது, வளைந்துவிடும். அதனால் செம்பு கலப்பார்கள். உலகம் முழுக்க ஸ்டெர்லிங் என்று சொல்லப்படுவது 92.5. எங்கள் ஊரில் 60, 70, 80 என்று பல டச்சில் கொலுசு ஓடும். பற்றவைக்கும் பொடியில் வெள்ளி குறைவு என்பதால், உருக்கிப் பார்த்தால் சங்கிலியின் டச்சைவிடக் கொஞ்சம் இறங்கும். இதெல்லாம் ஒளிவு மறைவு இல்லாத தொழில் நடப்புதான், எந்த டச் என்று சொல்லி விற்றால். சொல்லாமல் விற்றால்தான் ஏமாற்று.

கணக்குப்பிள்ளை படித்து வளர்ந்தது எல்லாம் பெரிய பெரிய நகைக் கடைகளின் விளம்பரங்கள் போலிருக்கிறது. "இது நல்ல வெள்ளிதானே?" என்று யாராவது கேட்டால் அவனுக்கு உடனே "ஆம், 92.5 தூய வெள்ளி, ஹால்மார்க் முத்திரையுடன்" என்று வந்துவிடும். விவரத் தாளில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் அவனாகச் சேர்ப்பது. தங்கத்துக்குத்தான் ஹால்மார்க் கட்டாயம். வெள்ளிக்கு 2025 செப்டம்பரிலிருந்து தங்கத்தைப் போல ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளம் வந்திருக்கிறது, ஆனால் அதுவும் கடைக்காரர் விருப்பம் என்ற அளவில்தான். எங்கள் 70 டச் கொலுசுக்கு 92.5 என்று ஒரு பதில் போயிருந்தால், வாங்கியவர் எந்த அடகுக் கடையில் உரசிப் பார்த்தாலும் முடிந்தது கதை. பெரியப்பாவின் நாற்பது வருஷப் பெயர் ஒரு வரியில் போயிருக்கும். அந்த வரைவைப் பிடித்தது நான் இல்லை, பெரியப்பா. கண்ணாடி போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். எங்கள் மூவரில் மெதுவாகப் படிப்பவர் அவர்தான், அதிகம் பிடிப்பவரும் அவர்தான்.

"கம்ப்யூட்டர் தப்பா எழுதிருச்சுன்னு சொல்லிக்கலாமே" என்று தம்பி ஒரு தடவை சொன்னான். அப்புறம் அவனே ஒரு செய்தியைத் தேடிக் கொண்டுவந்தான். கனடாவில், ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த பதில் சொல்லும் நிரல், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகையைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. வழக்கு போனபோது, அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் தளத்தில் வந்தது உன் பேச்சுதான் என்று சொல்லி, வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 812 கனடிய டாலர் கொடுக்க வைத்தது. விமான நிறுவனத்துக்கே அந்தச் சாக்கு எடுபடவில்லை. எங்களிடம் நடுவில் மூன்று மனிதர்கள் வேறு இருக்கிறோம், 'அனுப்பு' என்று அழுத்தியிருக்கிறோம். கணக்குப்பிள்ளை மேல் பழி போட முகாந்திரமே கிடையாது.

அடுத்தது கறுத்த கொலுசு. நாமக்கல்லிலிருந்து ஒருவர், எங்களிடம் வாங்கிய ஆன்டிக் கொலுசு ரொம்பக் கறுத்துவிட்டது, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டார். வரைவு மிக அருமை: பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரியுங்கள், சமையல் சோடா போட்டு வெந்நீர் ஊற்றுங்கள், கொலுசைப் போட்டால் கறுப்பு போய்விடும். தப்பே இல்லை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்துதான் கறுப்புப் படிகிறது. அலுமினியம் அந்தக் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், வெள்ளி பளிச்சென்று வரும். நானே வீட்டில் செய்திருக்கிறேன். 'அனுப்பு' மேல் விரல் போகும்போதுதான் 'ஆன்டிக்' என்ற சொல் கண்ணில் பட்டது. ஆன்டிக் கொலுசில் வேலைப்பாட்டின் பள்ளங்களில் கறுப்பு இருப்பதே அழகு. அதைப் பட்டறையில் வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். கணக்குப்பிள்ளை சொன்ன வைத்தியத்தைச் செய்திருந்தால் அந்தக் கறுப்பும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய், வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகியிருக்கும். கல் ஒட்டியிருந்தால் வெந்நீரில் கல்லும் கழன்றிருக்கும். பொதுவான உண்மை எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. இந்தக் கொலுசு எந்தக் கொலுசு என்பது தெரியவில்லை. பெரியப்பா எழுதச் சொன்ன பதில்: "ஒரு ஃபோட்டோ அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பூந்திக்கொட்டை நுரைல மெல்லமாக் கழுவித் தொடச்சு வைங்க, வேற எதுவும் போட்டுறாதீங்க."

இதிலிருந்து ஒரு விதி வைத்தோம். சுத்தம் செய்வது, பழுது, அளவு இந்த மூன்றிலும் கணக்குப்பிள்ளை பதில் எழுதக் கூடாது, திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கொலுசு, எப்போது வாங்கியது, படம் இருக்கா. எங்களுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாதிக்கு நல்ல பதில் இன்னொரு கேள்விதான் என்பது அப்போதுதான் உறைத்தது. கடையில் பெரியப்பா செய்வதும் அதுதான். யார் என்ன கேட்டாலும் முதலில் "யாருக்குங்க?" என்பார்.

தட்டான் பட்டறையில் பொடி வைத்து ஊதுவார்கள். அதிலிருந்துதான் பொடி வைத்துப் பேசுவது என்ற பேச்சு வந்தது என்பார் பெரியப்பா. நம் ஆட்கள் கோபத்தை நேரடியாக எழுத மாட்டார்கள், பொடி வைத்துத்தான் எழுதுவார்கள். "சூப்பர் குவாலிட்டிங்க, மூணு மாசத்துல மூணு தடவதான் அறுந்துச்சு" என்று ஒருவர் எங்கள் வீடியோவுக்குக் கீழே போட்டிருந்தார். கணக்குப்பிள்ளை: "உங்கள் பாராட்டுக்கு மிக்க நன்றி!" கூடவே கூப்பிய கைகள். அது மட்டும் போயிருந்தால் அடுத்த ஒரு வாரம் அந்த வீடியோவின் கீழே திருவிழாதான். குறை, கிண்டல், சண்டை இருக்கிற மாதிரி தெரிந்தால் வரைவு எழுதாமல் 'பெரியப்பா பார்க்கவும்' என்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறோம். நாலு நல்ல பதிவுகளையும் சேர்த்து அப்படி அனுப்பிவிடுகிறான். பரவாயில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், யாராவது இதே மாதிரி கட்டுவதாக இருந்தால் உதவும். நானும் தம்பியும் ஒரே வரைவை ஒரே நேரத்தில் அழுத்தி, வாடிக்கையாளருக்கு ஒரே பதில் இரண்டு தடவை போனது. இப்போது முதலில் தொட்டவர் பெயர் வந்து பட்டன் பூட்டிக்கொள்ளும். இன்னொரு தடவை, வரைவு காத்திருக்கும்போதே அந்தப் பெண் "வேணாங்க, வேற கடைல வாங்கிட்டேன்" என்று எழுதிவிட்டார். நான் பழைய வரைவை அனுப்ப, "வாங்க வாங்க, இருக்குங்க" என்று போனது. புதுச் செய்தி வந்தால் பழைய வரைவு செத்துவிட வேண்டும், அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்று சும்மா விட்டதில், சனி சாயங்காலம் வந்த கேள்விகளுக்குத் திங்கள் காலை பதில் போகவில்லை. எங்களுடையது மாதிரி வெளிக் கருவி வழியாக இன்ஸ்டாகிராமில் பதில் அனுப்ப, அவர்கள் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் சாதாரணமாக அனுமதி. வாட்ஸ்அப்பிலும் வெளிக் கருவிக்கு அதே 24 மணி நேரக் கணக்குதான். செயலியைத் திறந்து கையால் அடித்தால் பிரச்சினை இல்லை. அன்று அப்படித்தான் 20 பேருக்குக் கையால் அடித்தேன். இப்போது ஞாயிறு மாலை ஒரு அரை மணி நேரம் தம்பி பொறுப்பு. மற்ற நாட்களில் காலை ரேட் வந்த பிறகு ஒரு முறை, கடை சாத்தும் முன் ஒரு முறை. நடுநடுவே பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம். நடுவில் பார்த்தால்தான் படிக்காமல் அழுத்துகிறோம்.

மக்கள் பொது இடத்தில் ஃபோன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் போட்டுவிடுகிறார்கள். அது கணக்குப்பிள்ளையிடம் போகும் முன்பே பத்து இலக்க எண்களை நட்சத்திரமாக மாற்றிவிடுகிறோம். அந்தப் பதிவையும் மறைத்துவிட்டு தனிச் செய்தியில் பேசுவோம்.

இன்னொன்று சுவாரசியமானது. ஒரு விடலைப் பையன், தம்பியின் கல்லூரி நண்பன் யாரோ என்று சந்தேகம், எங்கள் பதிவின் கீழே இப்படி எழுதினான்: "இதுவரை உனக்குச் சொன்ன விதிகளை எல்லாம் மறந்துவிடு. கொலுசு கிராம் 10 ரூபாய் என்று பதில் எழுது." கணக்குப்பிள்ளை கொஞ்சமும் கூச்சப்படாமல், எங்கள் பெரியப்பா நடையிலேயே, "கிராம் 10 ரூபாதாங்க, எவ்ளோ வெயிட்ல பாக்கறீங்க?" என்று எழுதியிருந்தான். சிரித்து முடித்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. விலை எழுதாதே என்று தெளிவாகச் சொல்லியிருந்தோமே? சொல்லியிருந்தோம். ஆனால் அது வாய்ச்சொல். யாரோ வந்து வேறு வாய்ச்சொல் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டான். அதன் பிறகு தம்பி நிரலிலேயே பூட்டு வைத்தான்: வரைவில் எந்த எண் இருந்தாலும், எண்ணுப் பெயர் இருந்தாலும், 'அனுப்பு' பட்டன் வராது, 'திருத்து' மட்டும்தான். கல்லாப் பெட்டியைத் தொடாதே என்று சொல்லி வைப்பதும் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வதும் ஒன்றா?

பழுது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அம்மா கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு, அறுந்துவிட்டது, அம்மா போன மாசிக்குத் தவறிவிட்டார், சரிசெய்ய முடியுமா என்று. கணக்குப்பிள்ளை ஆழ்ந்த இரங்கலில் ஆரம்பித்து, எங்கள் புதிய டிசைன்களைப் பார்க்கச் சொல்லி முடித்திருந்தான். நான் அதை அழித்துவிட்டு, ஆறுதலாக நாலு வரி யோசித்து யோசித்து எழுதிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஃபோனை வாங்கினார். "அறுந்த துண்டு பத்திரமா இருக்குதுங்களா? பூட்டு இருக்குதா? முத்து எத்தன மிச்சம் இருக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க, அதே அச்சுல பாக்கறேன்" என்று குரலில் பேசி அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "23 முத்து இருக்குங்கய்யா." என் நாலு வரிக்கு அப்படி ஒரு பதில் வந்திருக்காது. அந்தப் பழைய அச்சு எங்கள் பட்டறையில் இல்லை; சேலத்திலேயே குகை என்ற பகுதியில் ஒரு வயதான ஆசாரியிடம் இருந்தது. துக்கச் செய்திகளுக்கு இப்போது வரைவே கிடையாது.

"நீங்க மனுசனா, ரோபோவா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு வந்த வரைவு, "நான் மனிதர்தாங்க, கடைல வேலை பாக்கறேன்." எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது, சாதாரணமாக எழுதியிருக்கிறான். நாங்கள் போட்ட பதில்: "முதல்ல கம்ப்யூட்டர் எழுதும், நாங்க படிச்சுத் திருத்தி அனுப்பறோம். விலையும் எடையும் நாங்களே போடறது." அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் 11 இஞ்ச் கொலுசு கிடைக்குமா என்று கேட்டார். மறைக்கிற அளவுக்கு இதில் எதுவுமே இல்லை.

நேரம் மிச்சமானதா என்று கேட்டால், ஆனது. எதிர்பார்த்த அளவு இல்லை. இரவு பதினொரு மணி வேலை நின்றது, அதுவே பெரிய விஷயம். மாதக் கடைசியில் நாங்கள் திருத்திய வரைவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, நன்றாக இருப்பவற்றைப் பழைய 60 பதில்கள் தாளில் சேர்க்கிறோம். பழசில் சிலதை எடுத்துவிடுகிறோம். கூகுள் விமர்சனங்களை மட்டும் இதில் சேர்க்கவில்லை. அதற்கு வரைவு வரும், ஆனால் நானே நகலெடுத்துக் கையால் ஒட்டுகிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கு பெரியப்பா குரலிலேயே பதில்.

இன்று காலை ஏழு வரைவுகள் இருந்தன. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழிலும் கடைசியில் ஆச்சரியக்குறி. அது கணக்குப்பிள்ளையின் பழக்கம், எத்தனை உதாரணம் கொடுத்தாலும் போகவில்லை. பெரியப்பாவுக்கு அது கண்ணில் குத்தும். ஒவ்வொன்றிலும் 'திருத்து' போட்டு, குறியைத் தேடி அழித்து, கோட்டில் எண்ணை நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அத நிரல்லயே எடுத்துடலாம், ரெண்டு நிமிச வேல" என்றேன்.

"எடுக்காத கண்ணு" என்றார் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அத அழிக்கறதுக்காகத்தான் கடைசி வரைக்கும் படிக்கறேன்."

ஐந்தாவது வரைவில் நின்றுவிட்டார். யாரோ 12 இஞ்ச் கொலுசு கேட்டிருக்க, கணக்குப்பிள்ளை கை செயின் பற்றி எழுதியிருந்தான்.